நம் ஜீப் சங்கத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, வெயிலையும் பார்க்காமல் பேரணாம்பட்டிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரை நடந்ததை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கணக்கு வராது. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையில் போயிற்று.

கிளை தொடங்கும் கோரிக்கை இந்த ஆண்டும் வந்தது. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது, வேலூர் 2019-ல் மூன்றானது, அதனால் சங்கத்தையும் பிரித்துவிடலாம் என்பது இராணிப்பேட்டை நண்பர்களின் வாதம். வேலூரின் டிஎன் 23 என்றாலும் இராணிப்பேட்டையின் டிஎன் 73 என்றாலும் கழன்று விழும் நட்டு ஒன்றுதான், ஒரே சங்கமாகவே இருப்போம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

இனிப் புகார் நோட்டு. டீ மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோமே, அதே நோட்டுதான். இந்த அறிக்கைக்காக முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். அசல் ஹெட்லைட் கிடைக்கவில்லை, பட்டாளப் பச்சை சரியான நிறத்தில் வரவில்லை, ஹூட் துணி வெளுக்கிறது என்பவைதான் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஓரத்தில், பென்சிலில், போகிற போக்கில் எழுதிய வரிகள்தான் என்னைப் பயமுறுத்தின. ‘பிரேக் சைடு வாங்குது.’ ‘ரெண்டு தடவை மிதிச்சாதான் நிக்குது.’ ‘நாப்பதுக்கு மேல போனா ஸ்டீரிங் ஆடுது, மத்தபடி வண்டி சூப்பர்.’

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். செயலாளரே ஒப்புக்கொண்டால் மற்றவர்களுக்கும் கூச்சம் போகும்.

கார்த்திகை மாதம் ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் என் வீட்டம்மாவும் சம்பந்தியம்மாவும், கூடவே ஒரு மூட்டை சாமை. காவலூர் வானாய்வகத்தைத் தாண்டி வந்து ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. பம்ப் அடித்தேன், அப்போதும் வெறும் காற்றுதான். உடனே கியரை இறக்கினேன், கை பிரேக்கை இழுத்தேன், மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டேன். வண்டி நின்றது. கருகல் வாடை வந்தது. ‘காபி குடிக்கவா நிறுத்தினீங்க?’ என்று சம்பந்தியம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்று வரை அவருக்கு உண்மை தெரியாது. யாரும் சொல்ல வேண்டாம்.

நடந்தது இதுதான். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. பின் சக்கரத்துச் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்தால் முன் சக்கரத்து பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். பிற்கால வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அன்று என்னைக் காப்பாற்றிய கை பிரேக்குக்கும் ஒரு விசேஷம் உண்டு. அது சக்கரத்தில் இல்லை, இன்ஜின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிற தனி டிரம்மில் பிடிக்கிறது. பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான் அந்தப் பிடி சக்கரத்துக்குப் போகிறது. ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸ் உடைந்திருந்தால் கை பிரேக்கும் கிடையாது. ஜாயிண்டில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கிறது, பிறகு பார்க்கலாம் என்று நோட்டில் எழுதியிருக்கும் நண்பர் இதைக் கவனிக்கவும்.

கப்பில் ஈரம் கசிவது எனக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும். மாற்றவில்லை. பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது, காசு அதில் போயிற்று. அந்தக் கப் செட் ஒரு ஆம்பூர் பிரியாணி விலைகூட இருக்காது. நம் பட்டறை பாய் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார், மூஞ்சிக்கு பவுடர் எல்லாம் போட்டாச்சு, காலுக்குத்தான் செருப்பு இல்ல’ என்றார்.

அதற்குப் பிறகு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை நாள் வைத்தோம். வந்த வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் பலவற்றில் டீ டிகாக்‌ஷன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. மலையிறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும், உள்ளே ஆயில் ஆவியாகும், பெடல் பஞ்சாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றி, ஏர் எடுத்துவிட வேண்டும். ஒரு வண்டியில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். ரப்பர் எல்லாம் ஊறி, இட்லி மாதிரி உப்பியிருந்தது. யார் வண்டி என்று சொல்லமாட்டேன், இங்கேதான் இருக்கிறார்.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கமும் நம்மில் சிலருக்கு இருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே இறங்கியதாக ஒருவர் பெருமையாகவே சொன்னார். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஓடையைக் கடந்தால் நனைந்த டிரம் பிடிக்காது. கடந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும். மலையில் புளியும் பலாவும் ஏற்றி ஓட்டும் நம் உறுப்பினர்களுக்கு இது தெரியும். நகரத்து உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்டீரிங் ஆட்டம், பட்டறைப் பேச்சில் வாப்ளிங். குழியில் ஒரு சக்கரம் விழுந்து எழுந்ததும் முன் அச்சே நடுங்க ஆரம்பிக்கும். வண்டியை மெதுவாக்கினால்தான் நிற்கும். இதற்குப் பலர் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீரிங் டேம்பரை மாற்றிவிட்டு வருகிறார்கள். நோவு முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங்கில், டை ராடு எண்டில், வீல் பேரிங்கில் இருக்கிறது, இல்லாவிட்டால் பேலன்ஸ் இல்லாத டயரில் இருக்கிறது. டேம்பர் அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். கிங்பின் இறுக்கத்தைப் பார்க்க வில் தராசு போதும். சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளில் கொக்கி மாட்டி இழுத்தால் எவ்வளவு விசைக்கு அசைகிறது என்று காட்டிவிடும். சங்கச் செலவில் ஒன்று வாங்கினோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாருதி ஜிப்சி வைத்திருக்கும் இளைஞர்கள் பெரிய டயர் போட்டு, வண்டியை உயர்த்தி, மேலே கேரியரில் ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் ஏற்றுகிறார்கள். கேட்டால் 1985-லிருந்து ஓடுகிற வண்டி, ராணுவமே ஓட்டியது என்கிறார்கள். சரி. ஆனால் அதே குடும்பத்து வண்டி அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றபோது, கவிழும் ஆபத்து இருப்பதாக 1988-ல் அங்குள்ள நுகர்வோர் பத்திரிகை ஒன்று ஏற்கத்தக்கதல்ல என்று முத்திரை குத்தியது. அந்த வண்டியைச் செய்த சுசூகி 1996-ல் வழக்குப் போட்டு, 2004-ல் சமரசமாக முடித்தது. சோதனை நியாயமா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குட்டையான, ஒடுங்கிய, உயரமான வண்டியை இன்னும் உயர்த்தி மேலே பாரமும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்திரிகை தேவையில்லை. பாலாற்று மணலில் தை மாதம் ஒரு தம்பி சாய்த்தார். மணல் என்பதால் தோள்பட்டையோடு போயிற்று. துணி ஹூடுக்குக் கீழே கம்பி வளையம் மட்டும் இருப்பதைப் பாதுகாப்புக் கூண்டு என்று நினைக்காதீர்கள், அது துணியைத் தாங்கத்தான். பின்னால் பக்கவாட்டு சீட்டில் குழந்தைகளை உட்கார வைப்பதையும் நிறுத்தச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். சண்டை வரும் என்று தெரியும்.

மஹிந்திராவின் நீள ஜீப்பான கமாண்டரை வெட்டிக் குட்டையாக்கும் வேலையும் கூடியிருக்கிறது. சேசிஸை அறுத்துப் பற்றவைத்தால் எந்த இடத்தில் விரியும் என்று பற்றவைத்தவருக்கே தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் ஒத்துக்கொள்ளாது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதையும் எதிரில் நிற்பதையும் ஒத்துப் பார்த்தால் பதில் சொல்ல வழியில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய வில்லிஸ் மாடலில் டாங்கே டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல என்பதை மறக்க வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தால் ஜீப் என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். கூடுதல் விளக்குகளை ஃபியூஸ், ரிலே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருப்பவர்கள் பெட்ரோல் கசிவையும் அந்த வயரையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றும் பழைய வைத்தியம் இப்போதும் வேலை செய்கிறது, அதில் தகராறு இல்லை.

டயர் பற்றி ஒரே வரி. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பட்டன் தேயவில்லை என்று பத்து வருஷ டயரைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். ஓடாத வண்டியின் டயர் தேயாது, வெடிக்கும்.

கட்டணப் புகார் நியாயமானதே. 15 ஆண்டு தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆனது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இது. மலையில் சுமை ஏற்றிப் பிழைப்பவருக்கும், கொட்டகையில் துடைத்து வைத்திருப்பவருக்கும் ஒரே தொகையா என்று கேட்டு மனு எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போகவும்.

உதிரிப் பாகம் பற்றி நீளமாக எழுத ஆசை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு கடையில் அசல் என்று சொல்லி வாங்கிய பிரேக் லைனிங் மூன்றே மாதத்தில் ரிவெட்டோடு பெயர்ந்து வந்த கதையை நோட்டில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இனி சென்னை புதுப்பேட்டைக்கு மாதம் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் போய் வாங்கி வரலாம், பாயையும் அழைத்துப் போகலாம் என்று ஒரு யோசனை. பஸ் செலவு சங்கத்துடையது, பாயின் சாப்பாடு யாருடையது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நிற்கிறது.

அடுத்த சோதனை நாள் வைகாசி முதல் ஞாயிறு, அதே மைதானம். வண்டியைக் கழுவிக்கொண்டு வர வேண்டாம். கழுவினால் கசிவு தெரியாது. ஜாக்கியும் ஸ்டெப்னியும் வேலை செய்கிற நிலையில் இருக்கட்டும்.

கடைசியாக அந்த வில் தராசு. மாசி மாதம் கிங்பின் பார்ப்பதற்காக ஒடுகத்தூர் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வாங்கிப் போனார். இப்போது மலையில் புளி நிறுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சீசன் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்