ஓட்டு எனக்கில்லை என்று சொல்லித் தேத்தண்ணி தந்த பெரியம்மாவுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மூன்று கணக்கு (பிரிவு) மக்களுக்கும், பக்கத்துத் தோட்டங்களின் சொந்தங்களுக்கும், டவுனில் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், கொழும்பிலிருந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டு அன்று இரவே பஸ் ஏறிய தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவில் நின்ற நான், பிரதேச சபை உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் செய்து மூன்று நாளாகிறது. கையெழுத்துப் போட்டபோது வந்த நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இந்த மடலை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாள் போனால் வேலை வந்துவிடும். யார் யார் எந்த நேரத்தில் பக்கத்தில் நின்றார்கள் என்பது மங்கிவிடும். அது நடக்கக் கூடாது.

சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு வந்த அந்தப் பத்து நாளைப் பற்றி இங்கே திரும்ப எழுத மாட்டேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள், என் அம்மா ஏன் நாலு நாள் வேலைப் பிரட்டுக்குப் போகாமல் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே இருந்தார், எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் ஏன் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களுக்கும் இந்தத் தோட்டத்தில்தான் வீடு. நாளைக்கு அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் நான்தான் பேசப் போகிறேன். அதனால் அதை அப்படியே விடுகிறேன்.

எழுத வேண்டியது வேறொன்று. ஏப்ரல் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை, கீழ்க்கணக்கில் கொழுந்து நிறுக்கிற மடுவம்.

பகல் நிறுவை நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. மடுவத்துக்கு உள்ளே போகாமல் ரோட்டோரம் நின்றேன். இடுப்பில் படங்கு கட்டிய அக்காமார் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். என் ஒரு கையில் குடை, மறு கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. பேச வாய் திறந்தேன். ஐந்து நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, பாதிக் குரல்தான் வந்தது. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் முன்பள்ளியில் நான் கை பிடித்து 'அ' எழுதப் பழக்கிய பிள்ளையின் அம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய தாளை ஒருவரும் வாங்கவில்லை. மழை அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த மலை இறங்கியிருந்தால் தேர்தலை விட்டே இறங்கியிருப்பேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அப்போதுதான் நிறுத்து முடித்து மடுவத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கூப்பிட்டார். அவர் யாரென்று கீழ்க்கணக்கு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் வீட்டுக்காரர் இருபது வருசத்துக்கு மேல் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். மகன் எனக்கு எதிராக நின்ற வேட்பாளரின் முகவர். அவர்கள் வீட்டு முன் இஸ்தோப்பில் சங்கத் தலைவரின் படம், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும்.

"இங்க வா புள்ள, இப்பிடி ஒக்காரு" என்றார். சாக்கை நகர்த்தி இடம் விட்டார். கூடைக்குள்ளிருந்து ஒரு சின்ன பிளாஸ்க்கை எடுத்தார். பூப்போட்டது, பூ பாதி அழிந்துவிட்டது. தான் குடித்த மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மிச்சமிருந்த சாயத்தண்ணியை அதில் ஊற்றினார். மூடி நிறையவில்லை. பின்னேரம் வரைக்கும் அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான். பிறகு தாளில் மடித்து வைத்திருந்த சீனியை எடுத்தார். "கைய நீட்டு."

ஒரு கையில் குடை, மறு கையில் தாள் கட்டு. நான் முழிப்பதைப் பார்த்துக் கட்டைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்து, எங்கள் அப்பாயி குடிக்கிற மாதிரி, சீனியை நக்கி நக்கி அந்தச் சாயத்தண்ணியைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். அவர் விரல்களில் கொழுந்துக் கறை கறுப்பாக வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மடியில் இருந்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். "இந்தா, இதப் புடி, நனையுது." அந்த அக்கா வாங்கினார். வாங்கிப் படங்குக்குள் சொருகிக்கொண்டார். அடுத்தவருக்கும் அதேதான், "புடி, நனையுது." நனைகிறதென்று சொல்லிச் சொல்லியே முப்பது நாற்பது தாளைக் கொடுத்து முடித்துவிட்டார். பிறகுதான் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், "ஏன் புள்ள, நீ வந்தா அந்தத் தண்ணித் தாங்கிய கழுவ வைப்பியா?" பேச்சு அங்கே தொடங்கியது.

எழும்பும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் நேரே பார்த்துச் சொன்னார்:

"ஓட்டு ஒனக்கில்ல புள்ள. எங்க வீட்டு ஓட்டு சங்கத்துக்குத்தான். அத இப்பவே சொல்லிட்டேன். தேத்தண்ணி குடிக்க ஓட்டு என்னாத்துக்கு?"

ஒரு மாதமாக வீடு வீடாகப் போனவள் நான். ஒவ்வொரு வாசலிலும் "ஒங்களுக்குத்தான்" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் வந்த கட்சிக்கும் பின்னால் வந்த கட்சிக்கும் அதே பதில். அதில் குற்றமில்லை, வாசலுக்கு வந்தவரின் முகம் வாடக் கூடாதென்ற மரியாதை அது. ஆனால் பெரியம்மா ஓட்டை அந்த மரியாதைக்குக்கூடக் கொடுக்கவில்லை. அன்றிரவு படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். அவர் வயதுக்காரர்களுக்கு ஓட்டு சும்மா வந்ததில்லை. 1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் போனார். மறு வருடமே எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் எங்கள் ஆட்களில் அநேகம் பேரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இங்கேயென்றும் பிரித்தார்கள். பெரியம்மாவின் அக்கா இரண்டு பேர் கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் அப்பாயிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை. முதல் ஓட்டுப் போட்டபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மை வைத்த விரலை மூன்று நாள் மஞ்சள் படாமல் பார்த்துக்கொண்டார் என்று அம்மா சொல்வார். அப்படி வந்த ஓட்டை யாருக்குப் போடுவதென்று பெரியம்மா யோசித்து வைத்திருக்கிறார். நான் கேட்டேன் என்பதற்காக அதை மாற்ற மாட்டார், மாற்றியதாகப் பொய்யும் சொல்ல மாட்டார். அதே நேரம், ஊர் முகம் திருப்பிய ஒருத்தியை அத்தனை பேர் முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைக்கவும் அவருக்குத் தயக்கமில்லை.

அரசியலுக்கு நான் நேற்று வந்தவள் இல்லை. 2018 பெப்ரவரியில், பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கிய முதல் உள்ளூராட்சித் தேர்தலில், வாக்குச் சாவடி முகவராக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 2023 ஜனவரியில் வேட்பு மனுக் கொடுத்தோம். மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப் போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. 2024 நவம்பரில் எங்கள் மலையகப் பெண்களான கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் பாராளுமன்றம் போனபோது, நான் அவர்கள் கட்சி இல்லையென்றாலும், எங்கள் லயத்தில் பெண்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த 2025 மே 6 தேர்தல். இத்தனை வருசத்தில் மேடைப் பேச்சு எத்தனையோ கேட்டுவிட்டேன். அந்த மடுவத்துத் திண்ணையில் கால் மணி நேரத்தில் படித்தது எந்த மேடையிலும் கிடைக்கவில்லை.

மற்றவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு மடல் போதாது. பெயர் போட்டால் யாராவது விடுபட்டுவிடுவார்கள், அதனால் பெயரில்லாமலே சொல்கிறேன். சுயேச்சைக் குழுவில் நிற்க ஒரு ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டுப்பணம். அதற்குத் தன் சீட்டுக் காசை முந்தி எடுத்துத் தந்த அக்காவுக்கும், பிரசுரத்தைக் கடனுக்கு அடித்துத் தந்து இன்னும் கடனைக் கேட்காத டவுன் அச்சகத்து முதலாளிக்கும், சிங்களப் படிவங்களை இரவிருந்து நிரப்பித் தந்த பக்கத்துக் கிராமத்து மல்லிக்கும், பீஸ் வாங்காத சட்டத்தரணிக்கும், முன்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு தங்கைகளுக்கும், முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் காசு மட்டும் வாங்கிய தம்பிக்கும் கைகூப்புகிறேன். கொழும்புக் கடைகளிலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளே, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மா, உனக்கு இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு வட்டாரத்தையும் வெல்லவில்லை. அதை மறைக்க ஒன்றுமில்லை. கீழ்க்கணக்கு வட்டாரத்தில் நான் தோற்றேன். எல்லா வட்டாரத்து ஓட்டையும் கூட்டியதில்தான் குழுவுக்கு ஓர் ஆசனம் வந்தது. அதற்கு ஆண்கள் மூன்று பேர் தகுதியோடு இருந்தும், "தங்கச்சியே போகட்டும்" என்று முதலில் சொன்னவர் எங்கள் குழுத் தலைவர். அண்ணே, அந்த வார்த்தையின் பாரம் எனக்குத் தெரியும்.

இனி பெரியம்மாவுக்கு ஒரு விசயம். அன்றைக்கு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் தெரிந்துகொண்டது பிறகுதான். பெரியப்பாவின் சவத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது மயானப் பாதையின் அந்த வழுக்குப் பாறையில் இரண்டு பேர் விழுந்து, பெட்டி சரிந்து, நீங்கள் சேற்றில் உட்கார்ந்து அழுததைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இருபது வருசம் தலைவராக இருந்தவரின் கடைசிப் பயணம் அது. அந்தப் பாதையைப் பற்றிக் கேட்டால் சபை தோட்ட நிர்வாகத்தைக் காட்டும், நிர்வாகம் சபையைக் காட்டும். முன்பு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாட்டு செல்லாது.

அந்தப் பாதைக்கான கோரிக்கையைத்தான் நான் சபையில் முதலாவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை அடி, எத்தனை படி, எங்கே கைப்பிடி வேண்டும் என்று மூன்று தம்பிமார் நாடா பிடித்து அளந்து தந்த கணக்கையும் சேர்த்து வைத்தேன். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய பிரதி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழக்கிழமை பகல் நிறுவைக்குக் கீழ்க்கணக்கு மடுவத்துக்கு வருவேன். சபையில் என்ன பேசினேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நின்று சொல்வேன். பதில் வராத மாதத்திலும் வந்து, வரவில்லை என்று சொல்வேன்.

உங்கள் மகனிடமும் சொல்லிவிடுங்கள் பெரியம்மா. அவர் கட்சி உறுப்பினரின் கையெழுத்தும் அந்தக் கோரிக்கைக்கு வேண்டும். அவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறேன்.