ஏழு மாதக் கறுப்பனைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததை அறிந்து எல்லோரும் மகிழ்ந்தோம். மாடி வீட்டில், பாடசாலைப் பிள்ளைகளோடும் வயதான அம்மாவோடும் கறுப்பன் என்ற லாப்ரடோர் நாய்க்குட்டியை எப்படிச் சமாளிக்கிறோம் என்று கேட்டிருந்தாய். யாழ்ப்பாணத்து வளவில் நீயும் ஒன்றை வளர்க்க எண்ணியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கறுப்பனுக்கு இப்போது ஏழு மாதம். பாற்பற்கள் விழுந்து, 42 நிரந்தரப் பற்களும் முளைத்துவிட்டபடியால், கதிரைக் கால்களுக்கும் மகனின் சப்பாத்துகளுக்கும் ஓரளவு விடுதலை கிடைத்திருக்கிறது. ஆனால் நிறை இருபத்தைந்து கிலோவைத் தாண்டியும் புத்தி இன்னும் குட்டிப் புத்தியாகவே இருக்கிறது. எங்கள் சிக்கலெல்லாம் அதனால்தான். வாசலில் யாரைக் கண்டாலும் முன்னங்கால்களைத் தூக்கி அவர் மார்பில் வைத்துவிடுவான். அன்பு மிகுதிதான், ஆனால் அம்மாவை விழுத்த அந்த அன்பே போதும்.

ஓடவிட்டுக் களைக்கச் செய்தால் அடங்கிவிடுவான் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய இன நாய்களின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீள உதவும் மென்பகுதிகள், இறுகி மூடுவதற்கு ஒரு வயதுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அதற்கு முன் நெடுந்தூரம் ஓட்டுவதும் மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் மூட்டுகளுக்கு நல்லதல்ல. போதாக்குறைக்குக் கொழும்பின் புழுக்கம்: நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், ஈரம் நிறைந்த காற்றில் விரைவில் தவித்துப்போகும். ஆகவே வெயில் ஏறுமுன் மரீன் டிரைவ் வழியே, கரையோர ரயில் இரைந்து போக, மெதுவாக நடந்து, அவன் விரும்பிய இடத்திலெல்லாம் நின்று மோப்பம் பிடிக்க விடுகிறேன். மூக்குக்கு வேலை கொடுத்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறான். பந்தெறிந்து ஓட்டிய நாட்களிலோ இன்னும் எறியச் சொல்லிக் குரைக்கிறான். மாலையில் பிள்ளைகளின் உடுப்பைக் கடித்து இழுப்பதும், உறக்கம் போதாத குழந்தையின் சிணுங்கல் போன்றதே. அப்போது விளையாட்டை நிறுத்திப் பின்னறையில் தனியே விட்டால், சற்று நேரத்தில் குறட்டை கேட்கும்.

கறுப்பனைப் பழக்குவதைவிட வீட்டாரைப் பழக்குவது கடினமாக இருக்கிறது. அவன் துள்ளினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவுவது என்று தீர்மானித்தோம். மகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறாள். மகனோ பாடசாலையால் வந்ததும் தானே துள்ளவைத்து விளையாடுகிறான். அம்மா எல்லோருக்கும் புத்திமதி சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் பாண் துண்டை நீட்டுகிறார். ஒருவர் மறுப்பதை மற்றொருவர் இடைக்கிடை கொடுத்தாலே போதும், நாய் முயற்சியைக் கைவிடாது. வெங்காயம் சேர்ந்த சம்பலும் சொதியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கக்கூடியவை என்று மிருக வைத்தியர் விளக்கிய பின்னர் அவை நின்றுவிட்டன. பாண் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தடுப்பூசிகளில் விசர்நோய்க்கானதை மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதே. எலிக்காய்ச்சலுக்கும், குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டம் தரும் பார்வோ வைரசுக்கும் எதிரானவையும் வேண்டும். உன் வளவில் புல் அதிகம், ஆகவே காதுமடல்களையும் விரலிடுக்குகளையும் தினமும் தடவி உண்ணி பார்க்க வேண்டும். மற்றபடி இடவசதியில் நீ எங்களைவிடப் பாக்கியசாலி. ஆனால் வளவு பெரிதென்று உன் குட்டியை வெளியிலேயே விட்டுவைத்தால், வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வதென்று அது ஒருபோதும் கற்காது.

மார்கழி விடுமுறைக்கு நீங்கள் வரும்போது, வாசலில் கறுப்பன் துள்ளினால் நீயும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உன் சின்னவளுக்கு நாயென்றால் பயமா என்பதை முன்கூட்டியே எழுது. நடுவாசலுக்குக் குறுக்கே ஒரு சிறு படலை போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்