தோட்டத்துக் கணப்பு குறித்து மகளுக்கு

குன்னூர்,
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எந்தக் கணப்பு வைக்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டொராண்டோவில் சொந்த வீடு, அதன் பின்கட்டில் குளிர்காய ஒரு கணப்பு! நாற்பது வருடம் இந்த மலையில் எத்தனையோ பங்களாக்களுக்குக் கணப்பும் புகைபோக்கியும் கட்டியிருக்கிறேன். மகள் வீட்டுக்குக் கரணை பிடிக்க முடியவில்லையே என்ற ஆற்றாமையில் தூக்கமே வரவில்லை. போனில் பேசினால் பாதியை மறந்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் படத்தில் இருக்கும் கல் கணப்புதான் எனக்கும் பிடித்தது. ஆனாலும் அது வேண்டாம். ஊட்டியில் உறைபனி விழுந்தால் புல்நுனி வெளுக்கும். வெயில் ஏறியதும் போய்விடும். மண்ணுக்குள் இறங்காது. அதனால் அஸ்திவாரத்துக்கு இரண்டடி குழி தோண்டினாலே இங்கு போதும். உங்கள் ஊரில் மண்ணே உறைகிறது. நாலடியாவது கடைக்கால் இறக்காவிட்டால் குளிர்காலத்தில் தரை உப்பிக் கட்டடத்தைத் தூக்கும், பனி விட்டதும் ஒரு பக்கமாக உட்காரும். இரண்டு மூன்று வருடத்தில் புகைபோக்கி சாய்வது தூக்குக்குண்டு பிடிக்காமலே தெரியும். தளத்தின் மேல் அப்படியே அடுக்கித் தருகிறேன் என்பவரை நம்பாதே.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மாப்பிள்ளையிடம் உங்கள் மாநகராட்சி விதியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். டொராண்டோவில் வீட்டுத் தோட்டத்தில் விறகு எரிக்கக் கூடாதாம். இரண்டாவது படத்தில் இருக்கும் பானை வயிற்று மண் அடுப்பு, அந்தச் சிமினியாவும், அதில் அடக்கம். விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். நன்றாகக் காய்ந்த சீகை விறகுகூடப் பற்றும்போதும் அணையும்போதும் புகையத்தான் செய்யும். உன் வேலியை ஒட்டி அடுத்த வீட்டு ஜன்னல் இருக்கிறது. பேரக்குட்டிக்கு வேறு அடிக்கடி இளைப்பு வருகிறது.

ஆகவே மூன்றாவது படத்தில் இருக்கும், நடுவில் சுடர் எரியும் அந்த எரிவாயு மேசையையே வாங்கு. விறகு வெடிக்கும் சத்தமும் வாசனையும் அதில் இல்லைதான், எனக்கும் அது குறைதான். ஆனால் திருகினால் எரியும், திருகினால் அணையும். நள்ளிரவில் கங்கு மிச்சம் இருக்குமோ என்று எழுந்து பார்க்க வேண்டாம். அந்த ஊர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார். வீட்டுக் குழாயிலிருந்து இணைப்பு எடுப்பதானால் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். சிலிண்டர் என்றால் புரொப்பேன். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். ஆகவே நாலு படி இறங்கும் அந்தப் பள்ளத்தில் மேசையைப் போடாதே. மேலே கூரையோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. பெட்டியோடு வரும் தாளில் சொல்லியிருக்கும் தூரத்துக்குக் குறையவே கூடாது. என்னைக் கேட்டால் சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் பத்தடி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குட்டி ஏரிக்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை மேசையில் சுடரைச் சுற்றி அடுக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அது கூடவே கூடாது.

எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு எஸ்டேட் தோட்டத்தில் வட்டமாகத் தீக்குழி கட்டினோம். ஓடையில் கிடந்த உருண்டைக் கற்கள் பார்க்க அழகாக இருந்ததால் சுமந்து வந்து நான்தான் பதித்தேன். அன்று மாலையே தீ மூட்டினார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் ஒரு கல்லிலிருந்து சீழ்க்கை போலச் சன்னமாகச் சத்தம் வந்தது. அதன் மேல் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. என்ன என்று குனிவதற்குள் துப்பாக்கி வெடித்தது போல இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் நின்ற சித்தாள் அக்காவின் புருவத்தைச் சில்லு கிழித்துவிட்டது. ஒரு விரல்கடை இறங்கியிருந்தால் கண்ணே போயிருக்கும். அவர் முந்தானையால் அழுத்திக்கொண்டு, ஒன்றுமில்லை தம்பி என்றார். அந்த ரத்தம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கல்லுக்குள் ஊறியிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே உடைக்கிறது என்று பெரிய மேஸ்திரி பிறகுதான் சொன்னார். அதன் பிறகு தீ படும் இடத்தில் ஃபயர் பிரிக் என்னும் சூடு தாங்கும் செங்கல் தவிர வேறெதையும் நான் வைத்ததில்லை.

அந்த மேசைக்கென்று விற்கும் எரிமலைக் கல்லோ கண்ணாடிச் சில்லோ மட்டும் போடு. எரிமலைக் கல்லும் மழையில், பனியில் நனைந்திருந்தால் தெறிக்கலாம்; மூடி போட்டே வை. நனைந்துவிட்டால் முதலில் காயவிடு, பிறகு சிறு சுடரில் தொடங்கு. குட்டியின் கூழாங்கற்களைப் பூந்தொட்டியில் வைத்துக் கொடு, தாத்தா சொன்னார் என்று சொல்.

வீட்டுச் சுவரிலிருந்து வேலி வரை எத்தனை அடி, காற்று பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அளந்து எழுது. மேசையை எங்கே போடலாம் என்று படம் வரைந்து அனுப்புகிறேன். அதுவரை பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா