விசா வரும்வரை காத்திருக்கும் மாணவருக்கு ஒரு விமானச் சீட்டு: ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சிராப்பள்ளியில் பொறியியல் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியன் நான். என்னிடம் பயின்றவர்களில் சிலர் ஆண்டுதோறும் முதுநிலைப் படிப்புக்காக வெளிநாடு செல்கிறார்கள். அண்மைக் காலமாக அவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் நாடு ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால், லாரி ஓட்டுநரின் மகளும் மளிகைக் கடைக்காரரின் மகனும்கூடத் துணிந்து விண்ணப்பிக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுவதோடு முடிய வேண்டிய என் வேலை, பெரும்பாலும் விமானச் சீட்டுக்கு வழி தேடுவதில் போய் முடிகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் இப்பிள்ளைகள் அனுபவிக்கும் ஒரு நெருக்கடியைத் தங்கள் துறையால் தீர்க்க முடியும் என்று நம்புவதாலேயே இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன் இந்திய மாணவர் ஒருவர் 18,000 ரூபாய் கட்டி, தம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பெற வேண்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும், முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை, அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாயை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் விசா விண்ணப்பம். கோடையில் அனுமதிக் கடிதம் பெற்றவருக்குக்கூட விசா செப்டம்பர் நடுவிலோ அதற்குப் பிறகோ கிடைப்பது உண்டு. விசா கிடைக்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்றே தூதரகங்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றன. அது சரியான அறிவுரைதான். ஆனால், அதைக் கேட்டு நடக்கும் மாணவர், புறப்பட வேண்டிய நாளுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்புதான் சீட்டு வாங்க முடிகிறது. மூன்று மாதங்களுக்கு முன் பார்த்த விலை அப்போது ஏறத்தாழ இரு மடங்காகியிருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த விலையேற்றத்துக்கு மாணவரின் அசட்டை காரணமன்று. அவருக்கு அனுமதி கிடைத்த நாள் தெரியும், வகுப்பு தொடங்கும் நாள் தெரியும். இடையிலுள்ள ஒரே ஒரு நாள் மட்டும் அவர் கையில் இல்லை. 2025 மே மாத இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய முன்பதிவு வழங்குவதை நிறுத்தி, மீண்டும் தொடங்குவதற்கு ஜூன் நடுப்பகுதிக்கு மேல் ஆனது. ஆகஸ்டில் வகுப்பில் இருக்க வேண்டியவர்களுக்கு அந்தச் சில வாரங்கள் எவ்வளவு பெரியவை என்பதை விளக்கத் தேவையில்லை. முன்கூட்டியே சீட்டு எடுத்தவர்கள் அதை இரத்துசெய்வதா, தேதி மாற்றுவதா என்று தவித்தார்கள்; எடுக்காதவர்கள் கடைசி நேர விலையைக் கொடுத்தார்கள்.

பயணச் செலவையும் கல்விக் கடனில் சேர்க்கலாம் என்று வங்கிகளின் விதிமுறை சொல்கிறது. நடைமுறையில் பல வீடுகளில் கடன் தொகை வந்து சேர்வதற்கு முன்பே சீட்டு எடுக்க வேண்டியிருப்பதால், அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. எதிர்பார்த்ததைவிட இருபதாயிரமோ முப்பதாயிரமோ கூடுதலாகக் கேட்கும்போது, அதற்கென்று வைக்க அந்த வீட்டில் வேறு நகை இருப்பதில்லை.

விமான நிறுவனங்கள் மாணவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பல நிறுவனங்கள் மாணவர் கட்டணம் என்ற பெயரில் சிறு தள்ளுபடியும், 10 கிலோ வரை கூடுதல் சுமையும், சில வேளைகளில் ஒருமுறை இலவசத் தேதி மாற்றமும் தருகின்றன. அந்தக் கூடுதல் சுமை எவ்வளவு பெரிய உதவி என்பது, புறப்படும் முன்னிரவு மாணவர் வீட்டுக் கூடத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தொங்கு தராசில் பெட்டியை மாட்டித் தூக்குவார்கள், 24.6 காட்டும், இட்லிப் பொடிப் பொட்டலம் வெளியே வரும், மறுபடி தூக்குவார்கள், குக்கர் உள்ளே இருக்க வேண்டுமா, கம்பளிச் சட்டை இருக்க வேண்டுமா என்று தாயும் பிள்ளையும் பேசிப் பேசி, கடைசியில் புத்தகங்கள் வெளியேறும். ஆகவே அந்தச் சலுகையைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இலவசத் தேதி மாற்றம் என்றாலும் புதிய நாளின் கட்டண வேறுபாட்டைப் பயணியே செலுத்த வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பருவ உச்சத்தில் அந்த வேறுபாடு சில நேரங்களில் புதிய சீட்டின் விலைக்கு அருகில் வந்துவிடும். விசா மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திரும்பும் என்ற உறுதியோ பெரும்பாலான மலிவுக் கட்டணங்களில் இல்லை. திரும்பப் பெற இயலாத சீட்டாக இருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருப்பது நல்லதே. எனினும், சீட்டின் பெரும்பகுதி அடிப்படைக் கட்டணமாகவும் எரிபொருள் கூடுதல் கட்டணமாகவும் இருக்கும்போது, அந்த விதி காப்பாற்றுவது சிறு தொகையைத்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் காட்டி, மாணவர் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே அன்றைய விலையில் சீட்டு எடுக்க வழி இருக்க வேண்டும். விசா தாமதமானால், கட்டண வேறுபாடு கேட்காமல் ஒருமுறை தேதியை மாற்றித் தர வேண்டும். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, சிறு நிர்வாகக் கட்டணம் நீங்கலாக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இந்தியாவிலிருந்து புறப்படும் பன்னாட்டு விமானங்களில், மாணவர் செல்லும் பருவமான ஜூலை முதல் அக்டோபர் வரை, ஒரு சிறு பங்கு இருக்கைகளை இந்த நிபந்தனைகளோடு ஒதுக்கினால் போதும். தள்ளுபடி தராவிட்டாலும் குறையில்லை; அனுமதி கிடைத்த நாளில் இருந்த விலை விசா வரும் நாளிலும் நிலைத்தால், அதுவே எம் மாணவர்களுக்குப் பெரிய தள்ளுபடி.

கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனங்களின் உரிமை, அரசு தலையிடுவதில்லை என்ற பதில் வரக்கூடும். பொதுவிதி அப்படித்தான். ஆனால், தேவை என்று கருதியபோதெல்லாம் அரசு தலையிட்டிருக்கிறது. சிறு நகரங்களுக்கு மலிவான விமானச் சேவை தருவதற்கான, 2017-இல் முதல் விமானம் பறந்த உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வகுக்கப்பட்டது. 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் நடப்பில் இருந்தன. 2025 டிசம்பரில் உள்நாட்டு விமானங்கள் பெருமளவில் இரத்தானபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கித் தொலைவுக்கேற்ற உச்சவரம்பைத் தங்கள் அமைச்சகம் அறிவித்தது. நான் கேட்பது இவற்றைவிட மென்மையானது: விலைக்கு வரம்பு கேட்கவில்லை, சீட்டின் நிபந்தனைகளைத்தான் மாற்றச் சொல்கிறேன். பணம் திருப்பும் விதிகளைத் திருத்த 2025 நவம்பரில் இயக்குநரகம் வெளியிட்ட வரைவில், சீட்டு எடுத்த 48 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி இரத்துசெய்யும் வாய்ப்பு முன்மொழியப்பட்டது. இரண்டு நாளில் மனம் மாறும் பயணிக்குக் காட்டும் அக்கறையை, இரண்டு மாதம் விசாவுக்காகக் காத்திருக்கும் மாணவருக்கும் காட்டலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களை இதற்கு எப்படி உடன்படச் செய்வது என்ற கேள்வி நியாயமானது. எம் மாணவர்களில் பெரும்பாலோர் துபாய், தோகா, அபுதாபி வழியாகவே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கிறார்கள். ஆகஸ்ட் இறுதியில் விடுமுறை முடிந்து வளைகுடா திரும்பும் குடும்பங்களும் அதே விமானங்களையே நம்பியிருப்பதால், அந்த வாரங்களில் விலை தாறுமாறாக ஏறுகிறது. அந்த வழித்தடங்களில் இருக்கைகளின் எண்ணிக்கை, இந்தியா அந்தந்த நாட்டு அரசுகளோடு செய்துகொண்ட இருதரப்பு ஒப்பந்தங்களால் கட்டுண்டது. துபாயுடனான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-இல் வகுக்கப்பட்டது. அதை உயர்த்துமாறு துபாய் தரப்பினர் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இந்திய நிறுவனங்களைக் காக்க வேண்டும் என்ற தங்கள் அமைச்சகத்தின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், கூடுதல் இருக்கைகள் பற்றிப் பேச்சு எழும்போது, மாணவர் சீட்டை அதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைக்கும் வலு தங்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பேச்சில் மதுரையையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் இறங்கலாம் என்று ஒப்பந்தம் குறிப்பிடும் நகரங்களில் மதுரை இடம்பெறாததால், அங்கே வளைகுடா நிறுவனங்கள் வர இயலவில்லை. தென்மாவட்ட மாணவர் பெட்டிகளோடு இரவுப் பேருந்து ஏறிச் சென்னைக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ போவதும் பயணச் செலவில் சேர்ந்ததே.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலை தாளாத மாணவர்கள் இணையத்தில் தேடி, வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு தனிச் சீட்டுகளை ஒட்டுப்போட்டு வாங்குகிறார்கள். இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழையும் விசா வேண்டியிருக்கலாம் என்பதோ, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது என்பதோ பலருக்குத் தெரியாது. முதன்முறையாக விமானம் ஏறும் 22 வயதுப் பிள்ளையை இந்த நிலைக்குத் தள்ளுவது மலிவான, உறுதியான வேறு வழி இல்லாமையே.

தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு விமானப் பயணச் செலவை ஒன்றிய அரசே ஏற்கிறது. பயணமும் கல்வியின் ஒரு பகுதி என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சான்று. அந்த உதவித்தொகை எட்டாத, கடன் வாங்கிப் போகும் மாணவர்களுக்காக அரசின் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் நான் கேட்கவில்லை. விமான நிறுவனங்களையும், இயக்குநரகத்தையும், அயலகத் தமிழர் நலத்துறை போன்ற மாநிலத் துறைகளையும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அடுத்த குளிர்காலப் பருவத்துக்கான அனுமதிக் கடிதங்கள் வரத் தொடங்குவதற்குள், இத்தகைய மாணவர் சீட்டுக்கான விதிமுறையை வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.