கூட்டுக் கிணறும் கூட்டு மின்சாரமும்: கொங்கு மண்டல ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

சூரிய மின் நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கிக்கொண்டால் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் வரை மிச்சம் என்று நம்மில் பலருடைய மேசைக்கும் ஒரு கணக்குத்தாள் வந்திருக்கிறது. அடுத்த மாதம் நடக்கவிருக்கும் நம் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் முடிவெடுக்கப் போகிறோம். தாளின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்களில் பிழையில்லை. நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 30 அன்று 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. இனி ஒவ்வொரு கோடையிலும் தட்டுப்பாடுதான் என்று அடுத்த வரி சொல்கிறது. 2012ஐப் பார்த்த எவருக்கும் அந்த வரி வயிற்றைக் கலக்கும். அப்படிக் கலங்கிய நேரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டை இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். உயரழுத்த இணைப்பு வைத்திருந்த நமக்கு 40 விழுக்காடு வெட்டு. மாலை 6 மணி முதல் 10 மணி வரை 90 விழுக்காடு. அதற்கு மேல் வாரத்தில் ஒரு நாள் மின் விடுமுறை. தாழ்வழுத்த இணைப்பில் இருந்த விசைத்தறிக்காரர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கெல்லாம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரமே இல்லை. வெளி மாநிலத்தில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தபோதும் அதைக் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே ஓட்டமாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியபோதுதான். தட்டுப்பாடு என்றால் உற்பத்திக் குறைவு என்று மட்டுமே எண்ணுகிறோம். பாதி நேரம் அது கம்பிக் குறைவு.

எங்களுடையது ஓ.இ. மில், அதாவது வேகமாகச் சுழலும் ரோட்டர்களில் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் நூற்பாலை. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தில் மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் இருநூற்றுச் சொச்சம் ரோட்டர்களிலும் நூல் ஒன்றாக அறும். மறுபடி ஒவ்வொன்றிலும் முனை தேடிப் பிணைத்து ஓட்டத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். டீசல் ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் கிடைத்தால் பெரிய காரியம். மின்வாரிய மின்சாரம் ஐந்தரை ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் எங்கள் யூனிட் பதின்மூன்று, பதினான்கு ரூபாயில் நின்றது. அந்த நிலையில்தான் பங்காளிகள் இருவரும் மைத்துனர்கள் இருவரும் நானுமாகச் சேர்ந்து, உடுமலைக்குக் கிழக்கே பழைய 250 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினோம். தரகர் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் யூனிட் என்றார். 250 கிலோவாட் எந்திரம் ஆண்டு முழுதும் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஓடினால் கிடைப்பதே நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்தான் என்று காகிதத்தில் பெருக்கிப் பார்க்கக்கூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பருத்திப் பொதியில் நூறு கிராம் ஈரம் கூடினால் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் நாங்கள்.

முதல் பருவத்தில் பாதி, பெயர் மாற்றத்துக்கான காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்ததிலேயே போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரைதான் நமக்குப் படியளக்கும். ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி அந்த மாதங்களுக்குள் வந்துவிட வேண்டும். அந்த ஆடியில் ஒரு நாள் காற்றாலைக்குப் போயிருந்தேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது, அப்படியொரு காற்று. இறக்கைகள் மூன்றும் பிரேக் போட்டு நின்றிருந்தன. துணை மின் நிலையத்தால் அதற்கு மேல் மின்சாரத்தை வாங்க முடியாது என்று சொல்லி நிறுத்தச் சொன்னதாகக் காவலாளி சொன்னார். அதே நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி என் ஆலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாடே மின்சாரம் இல்லாமல் தவித்த மாதத்தில், காற்றையும் எந்திரத்தையும் வைத்துக்கொண்டு டீசல் வாங்கினேன்.

இதனால் சொந்த மின்சாரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காற்றாலை பின்னாளில் கடனை அடைத்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மின் நிறுவனத்தில் பங்கு வாங்குவதும் மின்சாரம் வாங்குவதும் ஒன்றல்ல. அது கூட்டுக் கிணற்றில் பங்கு வாங்குவது. மூன்று பங்குக் கிணற்றில் ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் உண்டு. ஆனால் முறை தவறக் கூடாது, வாய்க்கால் அடுத்தவன் காட்டு வழியாக வர வேண்டும், கிணறு தூர்ந்தால் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். நம் பாட்டன்மார் இதற்காக எத்தனை பஞ்சாயத்து ஏறினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

மின்சாரத்துக்கும் இதே முறைதான், சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2005ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதி, ஒரு மின் நிலையம் சொந்தப் பயன்பாட்டு நிலையமாகக் கருதப்பட, பயன்படுத்துவோர் கையில் வாக்குரிமையுள்ள பங்கில் 26 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. கூட்டாகச் சேர்ந்தவர்கள் என்றால் அவரவர் பங்கின் அளவுக்கேற்ப அந்தப் பயன்பாடு அமைய வேண்டும். பத்து விழுக்காடு ஏறியிறங்கலாம். இதற்கென்றே தொடங்கப்படும் நிறுவனங்களுக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தங்கள் வந்தவண்ணம் இருப்பதால், கையெழுத்திடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து ஆலைகள் சமப் பங்கில் சேருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டில் ஒரு கோடி யூனிட் உற்பத்தியானால் 51 லட்சம் யூனிட் நம்முடைய பயன்பாடாக இருக்க வேண்டும், ஆளுக்கு 5,10,000, அந்தப் பத்து விழுக்காட்டுச் சலுகையைக் கழித்தால் 4,59,000. ஒருவர் அதற்குக் கீழே போனால் அவர் மட்டும் பாதிக்கப்படுவார் என்று கணக்குத்தாள் கொண்டுவந்தவர் சொல்லக்கூடும். ஆனால் சொந்தப் பயன்பாட்டு நிலையம் என்ற தகுதியே அந்த ஆண்டுக்குப் போய்விட்டால், மின்சாரம் முழுவதும் வெளியார் விற்றதாகக் கருதப்பட்டு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் மானியத்தை ஈடுகட்ட வெளியில் மின்சாரம் வாங்குவோரிடம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் எல்லார் தலையிலும் விழும். மிச்சம் என்று கணக்குத்தாளில் காட்டிய இரண்டு ரூபாய் அங்கேயே கரைந்துவிடும்.

இது எங்களுக்குக் கற்பனையல்ல. ஐவரில் ஒருவர் 2014இல் ஆலையை மூடினார். அவருடைய முறைக்கு வந்த யூனிட்டுகளை மற்ற நால்வரும் பயன்படுத்தினோம். பங்கோ அவர் பெயரிலேயே கிடந்தது. விகிதம் கெட்டுவிடும் என்று தணிக்கையாளர் சொன்ன பிறகுதான் அவர் பங்கை வாங்கப் போனோம். விலை படியவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தோம். வெளியேறுகிறவருடைய பங்கு என்ன விலைக்கு, யாருக்கு, எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று முதல் நாளே ஒரு பத்தி எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது. இப்போது வந்திருக்கும் ஒப்பந்த வரைவில் அந்தப் பத்தி இருக்கிறது. பங்கைப் போட்ட விலைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அப்படியென்றால் இது ஆதாயம் தரும் முதலீடு அல்ல, நுழைவுக் கட்டணம். தவறில்லை; ஆனால் அதை முதலீடு என்று வங்கியிடமும் வீட்டிலும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதைவிடக் கவலை தருவது வரைவின் பதினான்காம் பக்கம். சட்டமோ ஆணையோ மாறினால் கூடும் செலவு முழுவதும் பயன்படுத்துவோரையே சேரும் என்று அங்கே இருக்கிறது. காற்றாலை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பருவத்தில் மிஞ்சிய யூனிட்டை வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதிதான் அந்த முதலீட்டின் முதுகெலும்பாக இருந்தது. பழைய எந்திரங்களுக்கு ஓராண்டு வரை இருந்த அந்த வசதி, புதியவற்றுக்குச் சுருக்கப்பட்டது. காற்றாலைக்கு இருந்த 80 விழுக்காடு விரைவுத் தேய்மானம் என்ற வருமான வரிச் சலுகை 2012இல் நிறுத்தப்பட்டது, 2014இல் திரும்பி வந்தது, 2017இல் 40 ஆகக் குறைந்தது. இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இத்தகைய மாற்றம் வரத்தான் செய்யும். அந்தச் சுமையில் பாதியையாவது நிறுவனம் ஏற்கச் சொல்லிக் கேட்போம். தனித்தனியே போனால் ஒருவர் பேச்சும் எடுபடாது. முப்பது ஆலைகள் ஒன்றாகக் கேட்டால் வரைவு மாறும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்த மின்சாரம் இருந்தால் வெட்டு நேரத்திலும் ஆலை ஓடும் என்று சிலர் நம்புகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் சூரியப் பலகை போட்டால் அந்த மின்சாரம் நம் ஊருக்கு வருவது வாரியத்தின் கம்பி வழியாகத்தான். அந்தக் கம்பி அறுந்தால் அதுவும் அறுந்தது. சொந்தக் கூரையில் போட்டதும், மின்தடை வந்தால் தானாக நின்றுவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. பற்றாக்குறை கடுமையாவதோ சூரியன் மறைந்த பிறகு. மாலை 6 மணி முதல் 10 மணி வரை உச்ச நேரக் கூடுதல் கட்டணம் கட்டுகிற நமக்கு, மின்கலச் சேமிப்பு இல்லாத சூரிய நிலையம் அந்த நேரத்துக்கு எந்த உதவியும் செய்யாது. வரைவில் மின்கலம் என்ற சொல்லே இல்லை.

கோவையில் 1930களில் ஆலைகள் பெருகியதற்கு 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் பெரிய காரணம். அரசு இழுத்த கம்பியின் அடியில் தனியார் தொழில் வளர்ந்தது. எண்பது ஆண்டு கழித்து, 2012இல், வசதியுள்ளவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காற்றாலைக்கு ஓடினோமே தவிர, துணை மின் நிலையத்துக்கும் பாதைக்கும் சேர்ந்து குரல் கொடுக்கவில்லை. நான்கு தறி போட்டுக் கூலிக்கு நெய்தவருக்குக் காற்றாலையும் இல்லை, குரலும் இல்லை. தறியை எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நம் நூலை வாங்கியவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே கூட்டத்தில் முடிவெடுக்கும் முன் மூன்று காகிதங்கள் நம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்த வரைவு முழுவதும் தமிழில் வேண்டும். கையெழுத்திடப்போகும் பலர் ஆங்கில வரைவின் கடைசிப் பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நிலையம் இணையப்போகும் துணை மின் நிலையத்தில் எத்தனை மெகாவாட்டுக்கு இடம் இருக்கிறது என்பது எழுத்துமூலம் வேண்டும். சேரப்போகும் ஒவ்வோர் ஆலையின் கடந்த மூன்று ஆண்டு மின் கட்டணப் பட்டியலும் வேண்டும். யாருடைய பயன்பாடு சரிந்துகொண்டிருக்கிறது என்பதைக் கூச்சப்படாமல் பார்த்துக்கொண்டால்தான் பங்கைச் சரியாகப் பிரிக்க முடியும். என் பட்டியலை முதலில் தருகிறேன். 2012ஆம் ஆண்டுக் காற்றாலைக் கோப்பையும் கொண்டுவருகிறேன். தரகர் எழுதிக் கொடுத்த ஐந்தரை லட்சம் யூனிட் கணக்கு அதில் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத்து ஓ.இ. மில் உரிமையாளர் ஒருவர்