வெயிலைத் தாங்கும் வீடுகளையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புற நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வெயில் ஏறும்போதெல்லாம் வானிலைத் துறையின் எச்சரிக்கைகள் நாளிதழ்களில் வருகின்றன. வெப்பமானியின் அளவு அவற்றில் இருக்கும். எந்தக் குடும்பம் அதை எப்படித் தாங்குகிறது என்பது இராது. அதையும் முறையாகக் கேட்டறிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் பரந்து விரிந்துள்ள பீனிக்ஸ் பெருநகர் வட்டாரத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இதைச் செய்துள்ளது. 1997-இல் தொடங்கிய நீண்டகாலச் சூழலியல் ஆய்வின் ஒரு பகுதியாக, 2006-இல் 40 குடியிருப்புப் பகுதிகளில் ஏறத்தாழ 800 பேரிடம் தண்ணீர், காற்று, நகர வளர்ச்சி, வெப்பம் பற்றிக் கேட்டார்கள். 2011-இலும் 2017-இலும் மறுபடியும் கேட்டார்கள். கோடையில் வீட்டில் எவருக்கேனும் தலைச்சுற்றலோ தசைப்பிடிப்போ மயக்கமோ வந்ததா என்பதும் கேள்விகளுள் ஒன்று. மண்ணையும் செடிகொடிகளையும் அளந்து வந்த இடங்களோடு இணைத்தே இந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்ததால், ஒரு தெருவின் நிழலையும் அங்கு வாழ்வோரின் உடல்நலத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்க முடிந்தது. ஏழைகள் வாழும், பசுமை குறைந்த பகுதிகளே அதிகம் கொதிக்கின்றன என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் வெயில் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த ஆண்டு பீனிக்ஸ் அமைந்துள்ள மரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. அந்த எண்ணிக்கையைப் படித்தபோது நெஞ்சு பதறியது.

நம் புழுக்கம் பாலைவன வெயில் அன்று. ஈரக்காற்றில் வியர்வை உலராததால், இங்கு அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உடல் தளர்ந்துவிடுகிறது. எனவே அவர்களுடைய கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரப்பர் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பல மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. இரவில் தூங்க முடிகிறதா, மின்கட்டணத்துக்கு அஞ்சிக் காற்றாடியை நிறுத்துகிறார்களா, நீர் விநியோகம் தடைப்படும் நாளில் மேல்மாடி முதியவருக்கு யார் வாளி சுமக்கிறார்கள் என்றெல்லாம் இங்கு கேட்க வேண்டும்.

மாநகர் மன்றங்களும் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் இணைந்து செந்தூல், ஜிஞ்சாங், பூச்சோங், கிள்ளான் போன்ற இடங்களில் சில குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குடியிருப்புகளுக்குத் திரும்பச் செல்லட்டும். கைப்பேசியில் நிரப்பும் படிவம் போதாது. அது எட்டாத முதியவர்களே வெயிலில் அதிகம் வாடுகிறார்கள். ஷிப்ட் வேலை செய்வோர் வீட்டிலிருக்கும் நேரம் பார்த்து, தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நேரில் சென்று கேட்க வேண்டும். திரட்டிய முடிவுகளை அந்தந்தக் குடியிருப்பின் மண்டபத்திலேயே மக்களுக்குத் தமிழிலும் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்