‘புறக்கோட்டை’ என்று விற்றுப் பிட்டகோட்டேயில் அறை தந்தமை பற்றிய புகார்

கரவெட்டி,
யாழ்ப்பாணம்.
29.09.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

2025 யூலை 17 முதல் 20 வரை கொழும்பில் மூன்று இரவுகள் தங்குவதற்கான பதிவு: பணத்தை மீளளிக்கக் கோருதல்

இக்கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னர், விடுதி அறைகளை இணையத்தில் பதிவு செய்து தரும் தங்கள் நிறுவனத்துடன் பதினொரு தடவை தொலைபேசியில் பேசியிருக்கிறேன்; நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறேன்; யாழ்ப்பாண நகரிலுள்ள தங்கள் முகவர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நேரில் வந்து போயிருக்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு எனக்குக் கிடைத்தது, அடுத்த பதிவின்போது மட்டும் பயன்படுத்தக்கூடிய ஆயிரம் ரூபாய்க் கழிவுச் சீட்டு ஒன்றே. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பதிவிலக்கம் தங்கள் கணினியில் இருப்பதால் அதை இங்கே திருப்பி எழுதவில்லை.

முதலில், யூலை 17ஆம் திகதி காலை ஆறே முக்கால் மணிக்கு என்னுடன் பேசிய தங்கள் ஊழியரைப் பற்றியே சொல்ல வேண்டியுள்ளது. பதிவு செய்த நாளிலிருந்து தொடங்குவதே ஒழுங்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டரை மாதமாகியும் அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை. இரவு அஞ்சல் வண்டியில் வந்து கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, எண்பத்து நான்கு வயதான என் தாயாரைப் புறக்கோட்டைப் பிரதான வீதியில் இன்னும் திறக்காத ஒரு புடவைக்கடையின் படியில் இருத்தி, மனைவியை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தெருத்தெருவாக விடுதியைத் தேடிக் களைத்த பிறகே தங்கள் உதவி இலக்கத்தை அழைத்தேன். அவர் எங்கள் ஊர்த் தமிழிலேயே எனக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “உங்களுக்கு மெப் பார்க்கத் தெரியாட்டி அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நீங்கள் குடுத்த காசுக்குக் கோட்டைப் பக்கத்திலை ரூம் கிடைக்குமெண்டு நினைச்சனீங்களோ?” அம்மாவின் நிலையைச் சொன்னபோது, “வயதுபோன ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரேக்கை விசாரிச்சுப்போட்டெல்லோ வந்திருக்க வேணும்” என்று கூறித் தொடர்பைத் துண்டித்தார்.

முப்பத்து நான்கு வருடம் பாடசாலையில் வரலாறும் புவியியலும் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். வரைபடத்தை நான் பார்த்தேன். தங்கள் வரைபடத்தில் அந்த விடுதிக்குரிய புள்ளி, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவை அண்டியே இருந்தது. அந்தத் திரையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அழைப்புகள் யாவும் பதிவு செய்யப்படும் என்று தாங்களே ஒவ்வொரு தடவையும் அறிவிப்பதனால், அன்றைய பதிவைத் தயவுசெய்து தாங்களே ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிழை எங்கே நடந்தது என்பதைத் தங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூட இன்றுவரை ஒப்புக்கொள்ளாதபடியால் நானே எழுதுகிறேன். தங்கள் தமிழ்ப் பக்கத்தில் விடுதியின் முகவரி ‘கோட்டை வீதி, புறக்கோட்டை, கொழும்பு’ என்று இருந்தது. அதன் கீழே பச்சை எழுத்தில் ‘பழைய நகரின் மையம், துறைமுகத்துக்கு 700 மீற்றர்’ என்றும் இருந்தது. உண்மையில் அந்த விடுதி நிற்பது பிட்டகோட்டேயில், கோட்டே வீதியில். சிங்களத்தில் ‘பிட்ட’ என்றால் புறம் என்பதனால் பிட்டகோட்டேயைத் தங்கள் மொழிபெயர்ப்பு புறக்கோட்டை ஆக்கிவிட்டது. கொழும்பு 11ஐச் சேர்ந்த உண்மையான புறக்கோட்டையைச் சிங்களவர் பிட்டகொட்டுவ என்பார்கள்; அது துறைமுக வாசலிலுள்ள கடைத்தெரு. பிட்டகோட்டேயோ ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயின் ஒரு பகுதி. 1982இல் பாராளுமன்றம் குடிபோன நகரம் அது. இரண்டுக்கும் இடையே எட்டு ஒன்பது கிலோமீற்றர் தூரம். முன்னையது போர்த்துக்கேயரும் பின்னர் 1656இல் அவர்களிடமிருந்து பறித்த ஒல்லாந்தரும் கடலோரத்தில் வைத்திருந்த கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊர். பின்னையது கோட்டே அரசர்களின் தலைநகருக்கு வெளியே இருந்த ஊர். ஆங்கிலேயர் கடலோரக் கோட்டையின் மதில்களை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்ட பின்னரும் பெயர் மாத்திரம் நிலைத்திருக்கிறது. இந்த வேறுபாடு பாடசாலைப் பிள்ளைகளுக்கே தெரியும். கொழும்பில் அறை விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாது என்று நான் எப்படி நம்புவது? பெயரைப் பிழையாக மொழிபெயர்த்தது போதாதென்று, அந்தப் பிழையான பெயரை வைத்தே தூரத்தையும் அளந்து, வரைபடத்திலும் புள்ளி குத்தியிருக்கிறீர்கள்.

1505இல் கொழும்புக்கு வந்த போர்த்துக்கேயருக்குத் தலைநகர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மறைப்பதற்காக, அவர்களைச் சுற்றுவழியாக மூன்று நாள் நடத்திக் கோட்டேக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுவதையும், அதிலிருந்தே ‘பறங்கியர் கோட்டே போனது போல’ என்ற சிங்களப் பழமொழி வந்ததையும் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எண்பத்து நான்கு வயதில் என் தாயாரைத் தாங்கள் அப்படித்தான் அலைக்கழித்தீர்கள். கடை திறக்க வந்த ஒரு சிங்கள முதலாளி, எங்கள் பதிவுத் தாளை வாங்கிப் பார்த்துத் தன் கைத்தொலைபேசியிலிருந்து விடுதிக்கு அழைத்துக் கேட்டு, ஓட்டோவும் பிடித்துத் தந்து, அம்மாவுக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். தங்கள் ஊழியர் செய்திருக்க வேண்டிய வேலையை முன்பின் தெரியாத ஒருவர் பத்து நிமிடத்தில் செய்து முடித்தார்.

நான் அவசரப்பட்டு அந்த அறையை எடுத்தவன் அல்லன். காலஞ்சென்ற என் தந்தையார் 1960களில் கோட்டை சதாம் வீதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். 1857இல் கட்டப்பட்டு, பின்னர் வெளிச்சவீடாகவும் பயன்பட்ட அந்த வீதியின் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி ஊருக்கு வரும்போதெல்லாம் கதைப்பார். அம்மா ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. முழங்கால் வருத்தத்தோடு அவரால் ஒரே மூச்சில் இருநூறு, முந்நூறு மீற்றருக்கு மேல் நடக்க முடியாது. ஆகவே இடையிடையே இருந்து இளைப்பாறி, நடந்தே போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் அறை வேண்டும் என்பதற்காகவே மூன்று வாரம் தங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் ஒவ்வொரு விடுதியாகப் பார்த்தேன். கொழும்பு 01 எனப்படும் கோட்டைக்குள் கண்டவை பெரும்பாலும் நட்சத்திர விடுதிகள். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு எட்டாத விலை. புறக்கோட்டையில் 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடி. அங்கே மின்தூக்கி இல்லை என்பது தங்கள் அட்டவணையில் இல்லை; விடுதிக்கே அழைத்துக் கேட்டுத்தான் அறிந்தேன். மருதானையில் 7,200 ரூபாய் அறைக்குக் குளியலறை பொது. கொம்பனித்தெருவில் 8,900 ரூபாய்க்கு நல்ல அறை இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அது நடை தூரமில்லை. கடைசியில் மூன்று கட்டிலும் மின்தூக்கியும் இருந்த, ஒரு நாளைக்கு 9,500 ரூபாயான இந்த ‘புறக்கோட்டை’ அறையையே, தங்கள் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையை நம்பித் தெரிவு செய்தேன். மற்ற மூன்றையும் விட இதற்குக் கூடுதலாகக் கொடுத்தது, அந்த 700 மீற்றருக்காகவே. விடியுமுன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் கைவண்டி தள்ளும் சத்தம் கேட்கும் என்று அப்பா சொன்னதைக்கூட அம்மா நினைவில் வைத்திருந்தார். பிட்டகோட்டேயில் அவருக்கு அந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அந்த ஊழியரின் வார்த்தைக்கே மனம் மீண்டும் போகிறது. ‘நீங்கள் குடுத்த காசுக்கு’ என்றார் அல்லவா? அந்தக் காசு எவ்வளவு என்பதையும் பார்ப்போம். மூன்று இரவுக்கு 28,500 ரூபாயைப் பதிவு செய்யும்போதே தங்களிடம் செலுத்திவிட்டோம். விடுதியில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் சேர்த்து 36,993 ரூபாய் என்று கணக்குக் காட்டி, மேலும் 8,493 ரூபாய் வாங்கினார்கள். வரி அறவிடுவதை நான் குறைகூறவில்லை. ஆனால் நான்கு விடுதிகளின் விலையை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லும் அட்டவணையில், ஒன்றுக்கு வரி சேர்த்தும் மற்றொன்றுக்குச் சேர்க்காமலும் விலை போட்டால் அது என்ன ஒப்பீடு? கொம்பனித்தெரு விடுதியின் 8,900 ரூபாய் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய விலை என்பதைப் பின்னர் அவர்களிடமே கேட்டு அறிந்தேன். அப்படியானால் இந்த அறையோடு ஒப்பிட, அட்டவணையில் தெரிந்ததைவிட அது இன்னும் மலிவு.

விடுதிக்காரர் மீது எனக்கு மனக்குறை இல்லை. அவர்கள் மரியாதையாகவே நடந்தார்கள். எங்களைப் போலவே புறக்கோட்டையில் தேடி அலைந்து வந்தவர்கள் அந்த மாதத்தில் வேறும் இருந்தார்கள் என்றும், முகவரியைத் திருத்தும்படி தங்களுக்கு அறிவித்துவிட்டதாகவும் வரவேற்பில் இருந்தவர் சொன்னார். அப்படியானால் தெரிந்துகொண்டே விற்றிருக்கிறீர்கள். வந்த அன்றே பதிவை இரத்துச் செய்யக் கேட்டபோது, 24 மணி நேரத்துக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும் என்று மறுத்தீர்கள். விடுதி எங்கே இருக்கிறது என்பதே வந்து இறங்கிய பின்னர்தான் தெரியவரும்போது, 24 மணி நேரத்துக்கு முன்னர் எவ்வாறு கேட்பது?

யாழ்ப்பாண அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தடவை விண்ணப்பத்தை எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். இரண்டாம் தடவை கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை, ஓகஸ்ட் 21ஆம் திகதி பத்து மணிக்கு வந்தால் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம் என்று அவர்களே நேரம் குறித்துத் தந்தபடியால், நெல்லியடியில் பஸ் ஏறி ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். அலுவலகம் பூட்டியிருந்தது. பதினொன்றே முக்கால் வரைக்கும் வெயிலில் நின்றேன். அதன் பிறகு வந்த பிள்ளை, பொறுப்பதிகாரி விடுமுறையில் என்றும் அடுத்த கிழமை வரும்படியும் சொன்னார். அந்தப் பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் தடுத்திருக்கக்கூடிய பயணம் அது.

இப்போது நட்டத்தைப் பார்ப்போம். அறைக்கு 36,993 ரூபாய். கோட்டைக்கும் பிட்டகோட்டேக்கும் ஓடிய ஓட்டோக்களுக்கு 8,100 ரூபாய். ஆக 45,093 ரூபாய். இது வெறும் காசுக் கணக்கு. முதல் நாள் அலைச்சலில் அம்மாவின் முழங்கால் வீங்கி, இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் மணிக்கூட்டுக் கோபுரத்தை ஓட்டோவுக்குள் இருந்தபடி ஐந்து நிமிடம் பார்த்தார், இறங்க முடியவில்லை. இனி அவர் கொழும்புக்கு வரப்போவதில்லை. அறுபது வருடம் காத்திருந்த ஒரு பயணத்தைத் தாங்கள் முழுவதுமாக அழித்துவிட்டீர்கள். எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பை ஐந்து இலட்சம் ரூபாய் என்று மதித்தாலும் அது குறைவு. ஆயினும் நியாயமாக நடக்க விரும்புவதால், மேற்கூறிய 45,093 ரூபாயையும், மன உளைச்சலுக்காக இரண்டு இலட்சம் ரூபாயையும் மட்டுமே கோருகிறேன்.

தங்கள் நிறுவனத்தில் பொறுப்புணர்ந்த அதிகாரிகள் இருப்பார்கள் என்றும், இக்கடிதம் அவர்களில் ஒருவரின் மேசைக்குப் போய்ச் சேரும் என்றும் இன்னமும் நம்புகிறேன். ஒக்டோபர் 10ஆம் திகதிக்கு முன்னர் எழுத்துமூலமான பதில் கிடைத்தால் இவ்விடயத்தை எமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியமைக்காக அதிகாரசபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்வேன். சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இன்று நாளை என்று என்னை இழுத்தடித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கக்கூடும் என்றே சந்தேகிக்கிறேன். அதனாலேயே ஒக்டோபர் 10 என்று நாள் குறித்திருக்கிறேன். முறைப்பாட்டின் பிரதி இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் போகும்.

பணத்தைத் தவிர இரண்டு விடயங்களை வேண்டுகிறேன். இன்று காலையும் தங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த விடுதி இன்னமும் ‘புறக்கோட்டை’ என்றே இருக்கிறது. அதை இந்தக் கிழமைக்குள் ‘பிட்டகோட்டே’ என்று திருத்தி, தூரத்தையும் திருத்துங்கள். அடுத்ததாக, யூலை 17ஆம் திகதி பேசிய ஊழியர் தம் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் ஒன்று வர வேண்டும். அதை எனக்கு எழுதத் தேவையில்லை. அந்தப் புடவைக்கடைப் படியில் இருந்துகொண்டு, நான் தொலைபேசியில் பேசியதைக் கேட்டு, “நான் வராமல் விட்டிருக்கலாம், தம்பி” என்று சொன்ன என் தாயாருக்கு எழுதட்டும்.

பதிவுத் தாள், வரைபடத் திரையின் பிரதி, விடுதிப் பற்றுச்சீட்டு, அழைப்புகளின் திகதியும் நேரமும் என்பன இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பவும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி.